நானோபிபி: இருமச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் சி நிரலகம் – ஒரு திறனாய்வு

நானோபிபி என்பது சிறிய கருவிகளில் இருமச் செய்திகளை எழுதவும் படிக்கவும் பயன்படும் சி மொழி நிரலகம் ஆகும். கூகுள் நிறுவனம் 2008-ஆம் ஆண்டு பொதுவெளியில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் என்னும் செய்தி வடிவத்தை, சில ஆயிரம் பைட் நினைவகம் மட்டுமே கொண்ட மைக்ரோகண்ட்ரோலர்களிலும் இயங்க வைப்பதே இதன் நோக்கம். இதை உருவாக்கியவர் பெட்டேரி ஐமோனென். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் ஸெட்லிப் உரிமத்தில் இது கிடைக்கிறது. டிரெசர் கிரிப்டோ பணப்பெட்டியின் முதல் மாடல், லோரா வானொலியில் இயங்கும் மெஷ்டாஸ்டிக், ஐபோன்களுக்கான ஃபயர்ஸ்டோர் நிரலகம் முதலியவை நானோபிபியைப் பயன்படுத்துபவை.

இந்நிரலகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் சிறிய அளவையே பாராட்டுவர். அளவு முக்கியமானதுதான். ஆயினும் குறிநீக்கம், அதாவது வழக்கில் டீகோடிங் எனப்படும் வேலையைப் பொறுத்தவரை, அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் பைட்டுகளை இந்நிரலகம் எவ்வளவு நம்புகிறது? அது "சரி" என்று சொன்ன பிறகு நிரலாளர் எவ்வளவு நம்பலாம்? செய்தியை எழுதுபவருக்குத் தன் தரவு இன்னதென்று தெரியும். படிப்பவருக்கோ கம்பி வழியே வந்த பைட்டுகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எனவே குறிநீக்கமே இரு பக்கங்களில் கடினமான பக்கம்.

கையால் எழுதும் முறையின் இடர்கள்

நானோபிபி போன்ற ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்பதை அறிய, அது இல்லாதபோது நடப்பதைப் பார்க்க வேண்டும். சி மொழி கற்கும் மாணவர் பலர் முதலில் கையாளும் வழி எளிமையானது. வந்த பைட்டுகளின் தொடக்க முகவரியை ஒரு ஸ்ட்ரக்சரின் பாயிண்டராக மாற்றிவிட்டு, புலங்களை நேரடியாகப் படிப்பார்கள். மேசைக் கணினியில் இது பெரும்பாலும் ஓடிவிடும். அதே நிரல் வேறொரு சில்லுக்கு மாறும்போது சிக்கல் தொடங்கும்.

முதற்சிக்கல் இடைவெளி. ஒரு பைட் எண்ணுக்கு அடுத்து நான்கு பைட் எண் ஒன்றைக் கொண்ட ஸ்ட்ரக்சர், பெரும்பாலான 32 பிட் கணினிகளில் 5 பைட் அல்ல, 8 பைட் இடம் பிடிக்கும். நடுவில் 3 பைட்டை கம்பைலர் வெற்றிடமாக விடும். அனுப்புபவர் 5 பைட் அனுப்பினால் படிப்பவர் தவறான இடத்தில் படிப்பார். இரண்டாவது சிக்கல் பைட் வரிசை. இணைய நெறிமுறைகள் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் அனுப்புகின்றன. ஏஆர்எம் சில்லுகள் பெரும்பாலும் சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைத்து இயங்குகின்றன. மூன்றாவது சிக்கல் முகவரி. கார்ட்டெக்ஸ்-எம்0 வகைச் சில்லு, நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து நான்கு பைட் எண்ணைப் படிக்க முயன்றால் வேலையை நிறுத்தி ஹார்டுஃபால்ட் நிலைக்குச் சென்றுவிடும். கார்ட்டெக்ஸ்-எம்4 சில்லோ பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஒன்றில் சோதித்த நிரல் மற்றொன்றில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

பாயிண்டர் மாற்றத்தைத் தவிர்த்து, ஒவ்வொரு பைட்டாக எடுத்து இடப்பெயர்ச்சி செய்து எண்ணைக் கட்டுவது நல்ல வழி. அதிலும் பொறி இருக்கிறது. அர்டுயினோ ஊனோவில் உள்ள ஏவிஆர் சில்லில் சி மொழியின் இயல்பான முழு எண் 16 பிட் அகலமே கொண்டது. அங்கே ஒரு பைட்டை அகன்ற வகைக்கு மாற்றாமல் 24 பிட் இடப்புறம் நகர்த்தினால் விளைவு இன்னதென்று சி நியமம் வரையறுக்கவே இல்லை. சாதாரண எழுத்து வகை சில கம்பைலர்களில் குறை எண்ணையும் ஏற்கும், சிலவற்றில் ஏற்காது. இத்தகைய நுணுக்கங்களை ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு நிரலாளரும் புதிதாகக் கற்றுக்கொள்வது வீண் உழைப்பு. ஒருவர் கவனமாக எழுதிப் பலர் சோதித்த நிரலகத்தின் தேவை இங்கிருந்து பிறக்கிறது.

செய்தியின் அமைப்பு

புரோட்டோகால் பஃபர்ஸ் வடிவில் ஒரு செய்தி என்பது புலங்களின் வரிசை. ஒவ்வொரு புலத்தின் முன்னும் ஒரு குறியெண் வரும். புல எண்ணை 8-ஆல் பெருக்கி, அதனுடன் தரவு வகையின் எண்ணைக் கூட்டினால் கிடைப்பது அக்குறியெண். புலங்களின் பெயர்கள் செய்தியில் இடம்பெறுவதில்லை. அவை இரு தரப்பும் வைத்திருக்கும் வரையறைக் கோப்பில் மட்டுமே உள்ளன.

முழு எண்கள் வேரின்ட் எனப்படும் நீளம் மாறும் முறையில் எழுதப்படும். ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட் தரவுக்கும், எஞ்சிய 1 பிட் "இன்னும் பைட் உண்டு" என்று அறிவிப்பதற்கும் பயன்படும். 300 என்ற எண் 172, 2 என இரண்டு பைட்டுகளாக வரும். 172-இல் 128-ஐக் கழித்தால் 44; அத்துடன் 2-ஐ 128-ஆல் பெருக்கிக் கூட்டினால் 300.

குறை எண்களுக்கு இரண்டு வகைகள் உண்டு. சாதாரண முழு எண் வகையில் −5 என்பது 10 பைட் பிடிக்கும். ஜிக்ஜாக் வகையிலோ கூட்டல் எண்களும் குறை எண்களும் மாறி மாறி வரிசைப்படுத்தப்படுவதால் −5 என்பது 9 என்ற ஒரே பைட்டாகச் சுருங்கும். கருவி எண் 7, வெப்பநிலை −5 என்ற இரண்டு புலங்கள் கொண்ட செய்தி, முதல் வகையில் 13 பைட்டும் இரண்டாம் வகையில் 8, 7, 16, 9 என்ற 4 பைட்டும் ஆகும். ஒரு பொதிக்கு அதிகபட்சம் 255 பைட் மட்டுமே ஏற்கும் லோரா வானொலியில் இந்த வேறுபாடு பேட்டரியின் ஆயுளையே பாதிக்கக்கூடியது.

சிறப்புகள்

நானோபிபியின் தலையாய சிறப்பு, எல்லையை முன்கூட்டியே கேட்பது. ஒரு சொற்றொடர்ப் புலம் அதிகபட்சம் எத்தனை பைட், ஒரு பட்டியலில் அதிகபட்சம் எத்தனை உறுப்புகள் என்பதை நிரலாளர் தனிக் கோப்பில் எழுதிவைக்கலாம். அப்படி எழுதினால், பைத்தானில் எழுதப்பட்ட ஆக்கி அந்த அளவுக்கேற்ற அணிகளைக் கொண்ட சி ஸ்ட்ரக்சரை உருவாக்கித் தரும். வரும் செய்தி அந்த எல்லையை மீறினால் குறிநீக்கம் தோல்வி என்று முடியும். நினைவகத்தில் பக்கத்து இடத்தின் மேல் எழுதாது. இயல்பான அமைப்பில் ஓட்டத்தின்போது நினைவகம் கேட்டுப் பெறும் வழக்கமே இல்லை. ஆகவே கருவிக்கு எவ்வளவு நினைவகம் தேவை என்பதை நிரல் ஓடும் முன்பே பெரும்பாலும் கணக்கிட்டுவிடலாம். ஏடிமெகா328பி சில்லின் மொத்த ரேம் 2 கிலோபைட்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

இரண்டாவது சிறப்பு, நீளப் புலங்களைக் கையாளும் விதம். செய்திக்குள் செய்தி வரும்போது அதன் நீளமும் முன்னே எழுதப்பட்டிருக்கும். அந்த நீளம் மூட்டையின் மேல் எழுதிய எடை போன்றது. எழுதியவர் சொன்னதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. நானோபிபி ஒவ்வொரு உட்செய்திக்கும் தனி உள்ளோட்டம் ஒன்றை அமைத்து, மீதமுள்ள பைட்டுகளின் எண்ணிக்கையைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. வெளிச்செய்தியில் எஞ்சியிருப்பதைவிட அதிக நீளத்தை உட்செய்தி கோரினால் அங்கேயே மறுத்துவிடுகிறது.

இச்சோதனையின் மதிப்பை 2014-ஆம் ஆண்டின் ஹார்ட்பிளீட் நிகழ்வு காட்டியது. ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில், இதயத்துடிப்பு என்று பெயரிடப்பட்ட ஒரு சிறு செய்தியில் 16 பிட் நீளப் புலம் இருந்தது. உண்மையில் வந்த பைட்டுகளின் எண்ணிக்கையோடு அந்த நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல், சொன்ன அளவை அப்படியே நகலெடுத்துப் பதிலாக அனுப்பியது நிரல். கேட்பவர் ஒரே கோரிக்கையில் 64 கிலோபைட் வரை சேவையகத்தின் நினைவகத்தைப் படித்துக்கொள்ள முடிந்தது. அதில் கடவுச்சொற்களும் மறைகுறிச் சாவிகளும் இருக்கக்கூடும். 2012 முதல் இரண்டு ஆண்டுகள் உலகெங்கும் ஓடிய நிரலில் இல்லாதிருந்தது ஒற்றை ஒப்பீடு. அந்த ஒப்பீட்டை நிரலாளரின் நினைவுக்கு விடாமல் நிரலகத்தின் அடித்தளத்திலேயே வைத்திருப்பது நானோபிபியின் நல்ல வடிவமைப்பு.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று வெளிப்படையாக எழுதிய பாதுகாப்பு ஆவணம் இருப்பது மூன்றாவது சிறப்பு. வெளியிலிருந்து வரும் செய்தி நம்பத்தகாதது. வரையறைக் கோப்பும் நிரலாளர் எழுதும் செயற்கூறுகளும் நம்பப்படுபவை என்று அது பிரித்துச் சொல்கிறது. சிறிய நிரலகங்கள் பலவற்றில் காணக்கிடைக்காத தெளிவு இது.

குறைகள்

எல்லை எழுதப்படாத புலங்களே முதற்குறை. ஒரு சொற்றொடருக்கோ பட்டியலுக்கோ அதிகபட்ச அளவு குறிப்பிடப்படாவிட்டால், நானோபிபி அதைக் கால்பேக் புலமாக மாற்றிவிடும். அதாவது, அப்புலத்தைப் படிக்கும் செயற்கூற்றை நிரலாளரே எழுத வேண்டும். நீண்ட பட்டியலை முழுதும் நினைவகத்தில் வைக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் செல்வதற்கு இது அருமையான வசதி. ஆனால் புதியவருக்கோ, நிரலகம் எடுத்துச் சுமந்த இடர்கள் அனைத்தும் மீண்டும் அவர் தோளுக்கே வந்து சேர்கின்றன. அந்தச் செயற்கூற்றில் அவர் வைக்கும் அணியின் எல்லையைப் பார்க்க வேறு எவரும் இல்லை. எல்லை எழுதாதபோது தெளிவான எச்சரிக்கையோடு நின்றுவிடுவதைவிட, கடினமான வழிக்கு அமைதியாகத் திருப்பிவிடுவது பயிலும் மாணவருக்கு உகந்ததல்ல.

இரண்டாவது குறை, விருப்பத் தேர்வாக உள்ள இயங்கு நினைவக வசதி. இதை இயக்கினால் புலங்களுக்குத் தேவையான இடத்தை நிரலகம் ஓட்டத்தின்போது கேட்டுப் பெறும். நானோபிபியில் வெளியான பாதுகாப்புக் குறைபாடுகளைப் பார்த்தால் இந்த வசதியின் விலை தெரியும். சிவிஇ-2020-5235 என்ற குறைபாட்டில், பட்டியலை விரிவாக்கும்போது நினைவகம் தீர்ந்துபோனால், தொடக்க மதிப்பே இடப்படாத ஒரு பாயிண்டரை விடுவிக்க முயலும் நிலை ஏற்பட்டது. சிவிஇ-2020-26243 நினைவகக் கசிவு. ஒரே உட்செய்தி பலமுறை வரும்படி அமைத்த செய்தியால் அது நிகழ்ந்தது. சிவிஇ-2021-21401 என்பது தவறான முகவரியை விடுவிக்கும் பிழை. மூன்றும் விரைவில் திருத்தப்பட்டன. மூன்றுமே பாயிண்டர் வழியாக இயங்கு நினைவகத்தைக் கையாளும் பகுதியில் தோன்றியவை. நிலையான அணிகளோடு நிறுத்திக்கொண்ட திட்டங்களை இவை தொடவில்லை. நிரலகத்தின் மையக் கொள்கை சரியானது என்பதற்கும், அக்கொள்கையை விட்டு விலகிய இடத்தில்தான் அது இடறியது என்பதற்கும் இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மூன்றாவது குறை, இயல்புநிலைத் தேர்வுகள் சில. புரோட்டோ3 விதிப்படி சொற்றொடர்கள் முறையான யூடிஎஃப்-8 எழுத்துக்களாக இருக்க வேண்டும். நானோபிபியில் இந்தச் சோதனை தனியே இயக்கினால்தான் நடக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் குறைந்தது 3 பைட் பிடிப்பதால், இடையில் வெட்டுண்ட சொற்றொடர் தமிழ்த் திரைகளில் உடைந்த எழுத்தாகத் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது.

வடிவம் சரி, பொருள் தவறு

மேற்கூறியவை நிரலகத்தின் குறைகள். அடுத்து வருவது நிரலகத்தின் மீது நிரலாளர் வைக்கும் அளவுமீறிய நம்பிக்கை. உண்மையான ஆபத்து இங்கேதான் உள்ளது.

தடுப்பூசிகள் பல 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்கப்பட வேண்டியவை. அவற்றில் சில உறைந்துபோனால் பயனற்றுவிடும். அத்தகைய குளிர்பெட்டி ஒன்றின் வெப்பநிலையை அனுப்பும் கருவியைக் கற்பனை செய்யலாம். பைட்டுகளை மிச்சப்படுத்த எண்ணிய நிரலாளர், வெப்பநிலைப் புலத்தைச் சாதாரண முழு எண்ணிலிருந்து ஜிக்ஜாக் வகைக்கு மாற்றுகிறார். புல எண் மாறவில்லை. அனுப்பும் கருவிக்குப் புதிய நிரல் ஏற்றப்படுகிறது. படிக்கும் கருவியில் பழைய நிரலே ஓடுகிறது. பெட்டி −5 பாகைக்கு இறங்குகிறது. அனுப்பும் கருவி 9 என்ற பைட்டை அனுப்புகிறது. படிக்கும் கருவி அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டு 9 பாகை என்று காட்டுகிறது. பெட்டி சற்றுச் சூடாகிவிட்டது என்று எண்ணி, கண்காணிப்பவர் குளிரை இன்னும் கூட்டுகிறார்.

இதில் நானோபிபி எந்தத் தவறும் செய்யவில்லை. இரண்டு வகைகளும் கம்பியில் ஒரே வேரின்ட் வடிவில்தான் செல்கின்றன. எது எது என்று செய்தியில் எங்கும் எழுதப்படவில்லை. குறிநீக்கம் வெற்றி என்றே திரும்பும். வெற்றி என்ற சொல்லுக்கு அங்கே உள்ள பொருள், "பைட்டுகளின் அமைப்பு விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது" என்பது மட்டுமே.

வெற்றுச் செய்தி இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பொறி. புரோட்டோ3 விதிப்படி இயல்பு மதிப்பான 0 கம்பியில் எழுதப்படுவதில்லை. எனவே 0 பைட் நீளமுள்ள செய்தியும் முறையான செய்தியே. அதன் எல்லாப் புலங்களும் 0 என்று படிக்கப்படும். வெப்பநிலை 0 பாகை என்பதற்கும் வெப்பநிலை வரவே இல்லை என்பதற்கும் வேறுபாடு தெரியாது. இந்தக் குழப்பத்தைப் போக்கும் விருப்பப் புல வசதி, புரோட்டோகால் பஃபர்ஸின் 3.15 பதிப்பில், 2021-ஆம் ஆண்டில்தான் முழுமையாகத் திரும்பி வந்தது. நானோபிபி அத்தகைய புலங்களுக்கு "வந்ததா" என்று சொல்லும் தனிக் கொடியைத் தருகிறது. அதைப் பார்ப்பதும் பார்க்காததும் நிரலாளரின் பொறுப்பு.

பட்டியல் மதிப்புகளும் இப்படியே. மூன்று நிலைகள் மட்டுமே வரையறுக்கப்பட்ட புலத்தில் 200 என்ற எண் வந்தாலும் புரோட்டோ3 விதி அதை ஏற்கச் சொல்கிறது. எதிர்காலப் பதிப்புகளுக்கு இடம் விடுவது அதன் நோக்கம். அந்த எண்ணைச் சோதிக்காமல் ஓர் அணியின் வரிசை எண்ணாகப் பயன்படுத்தினால், நிரலகம் காத்துத் தந்த நினைவக எல்லையை நிரலாளரே உடைத்தவராகிறார். தோல்வி என்று திரும்பிய பிறகும் ஸ்ட்ரக்சரைப் படிப்பது மற்றொரு தவறு. புலங்கள் வர வர நேரடியாக நிரப்பப்படுவதால், பாதியில் நின்ற செய்தியின் முற்பாதி அங்கே இருக்கும்.

செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் இவ்வடிவத்தில் எழுதப்படுவதில்லை. முன்னால் நீளம் எழுதும் வசதி நானோபிபியில் உண்டு. ஆயினும் தொடர் கம்பியில் ஒரு பைட் தொலைந்தாலோ ஒரு பிட் மாறினாலோ கண்டுபிடிக்கும் சோதனைத் தொகை அதில் இல்லை. அது கீழடுக்கின் வேலை. அந்த அடுக்கு இல்லாமல் நேரடியாகக் கம்பியில் செய்தியை விடுவது, உறை போடாமல் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குச் சமம்.

மாற்று வடிவம் ஒன்றோடு ஒப்பீடு

2020-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 8949 நியமத்தில் விவரிக்கப்படும் சிபோர் வடிவம் வேறு வழியில் செல்கிறது. அதில் ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைத் தானே சுமந்து வரும். குறை எண்களுக்கென்று தனி வகையே உண்டு. −5 என்பது 36 என்ற ஒரே பைட்டாகச் செல்லும். 9 என்பது 9 என்ற பைட்டாகவே செல்லும். மேலே சொன்ன குளிர்பெட்டிக் குழப்பம் அங்கே எழாது. ஆனால் வரையறைக் கோப்பும் ஆக்கியும் தானாகத் தரும் ஸ்ட்ரக்சரும் எல்லைகளும் சிபோர் வடிவில் இயல்பாகக் கிடைப்பவை அல்ல. எந்தப் புலம் எந்த வகையில் வர வேண்டும் என்ற சோதனையைப் பெரும்பாலும் நிரலாளர் தாமே எழுதுகிறார். ஒன்றில் எழுதாமல் விட்ட பொருள் மறைந்திருந்து கெடுக்கிறது. மற்றொன்றில் எழுதாமல் விட்ட சோதனை கெடுக்கிறது. இரண்டில் எது மேல் என்பதைத் திட்டத்தின் தேவையே தீர்மானிக்கும்.

மதிப்பீடு

நானோபிபி தன் எல்லைக்குள் நேர்த்தியான படைப்பு. நினைவகம் நிறைய உள்ள உலகத்துக்காக உருவான ஒரு வடிவத்தை, வசதிகளை வெட்டி எறியாமல், எல்லைகளை வரையறுப்பதன் மூலம் சிறு கருவிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. சி மொழியில் இருமச் செய்திகளைப் படிக்கக் கற்கும் மாணவர் அதன் மூல நிரலைப் படிப்பது பயன் தரும். மீதமுள்ள பைட்டுகளை ஒவ்வோர் அடியிலும் எண்ணிக்கொண்டே நகரும் ஒழுக்கத்தை அங்கே காணலாம்.

இதைத் தேர்ந்தெடுப்போர் நான்கு வழக்கங்களைக் கைக்கொள்வது நல்லது. எல்லாச் சொற்றொடர்களுக்கும் பட்டியல்களுக்கும் எல்லை எழுத வேண்டும். இயங்கு நினைவக வசதியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும். ஒருமுறை வெளியிட்ட புலத்தின் வகையை மாற்றாமல், தேவையானால் புதிய எண்ணில் புதிய புலம் சேர்க்க வேண்டும். குறிநீக்கம் வெற்றி பெற்ற பின்னரும் ஒவ்வொரு மதிப்பும் நடைமுறைக்கு ஏற்ற எல்லைக்குள் இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

கடைசி வழக்கமே பலராலும் விடப்படுவது. மூட்டையில் எழுதிய எடை சரியா என்று நிரலகம் தராசில் போட்டுப் பார்த்துச் சொல்லும். உள்ளே இருப்பது நெல்லா பதரா என்று பிரித்துப் பார்க்கும் வேலை வாங்கியவருடையது.